உஸ்மான் (ரலி): நாம் தாண்டிப் போகும் கடைசி நாற்பது நாட்கள்

மதீனாவில் குபா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அரீஸ் என்று ஒரு கிணறு இருந்தது. தோட்டத்துக்குள், சுற்றிலும் திண்டு கட்டிய கிணறு. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் அந்தத் திண்டின் மேல் உட்கார்ந்து, ஆடையைக் கெண்டைக்கால் தெரிய உயர்த்திக்கொண்டு, இரண்டு கால்களையும் கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத்து வாசலில் காவலாக நின்றவர் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி). முதலில் அபூபக்ர் (ரலி) வந்தார். "உள்ளே விடுங்கள், அவருக்குச் சொர்க்கம் உண்டு என்ற நற்செய்தியையும் சொல்லுங்கள்" என்று நபியவர்கள் சொன்னார்கள். அவர் வந்து வலப்பக்கம் உட்கார்ந்து தானும் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டார். அடுத்து உமர் (ரலி). அதே நற்செய்தி. அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். மூன்றாவதாக வந்தவர், பின்னாளில் முஸ்லிம்களின் மூன்றாவது கலீஃபாவாக (ஆட்சித் தலைவராக) ஆன உஸ்மான் (ரலி). இந்த முறை நற்செய்தியோடு ஒன்று கூடியிருந்தது: "அவருக்கு நேரவிருக்கும் ஒரு சோதனையோடு சேர்த்துச் சொல்லுங்கள்."

உஸ்மான் அதைக் கேட்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தார். "உதவி தேட வேண்டியது அல்லாஹ்விடம்தான்" என்றார். உள்ளே போனால் அந்தப் பக்கத்துத் திண்டில் இடமில்லை. சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

புகாரி என்ற தொகுப்பில் வரும் இந்த ஹதீஸை (நபிமொழியை), தமிழ்நாட்டில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டு வளர்ந்தவர்கள் கட்டாயம் கேட்டிருப்பார்கள். அதை அறிவிக்கும் ஸயீத் பின் முஸய்யப் ஒரு கருத்துச் சொல்கிறார். அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தை அவர்களுடைய கப்ருகளாகவே (அடக்கத்தலங்களாகவே) தான் விளங்கிக்கொண்டதாக. நபியவர்களோடு அபூபக்ரும் உமரும் ஒரே அறைக்குள் அடங்கியிருக்கிறார்கள். உஸ்மான் தனியாக, மதீனாவின் பொது அடக்கத்தலமான ஜன்னத்துல் பகீஉவில்.

ஆனால் அந்த "சோதனையோடு சேர்த்து" என்ற சொற்களை நம் பயான்கள் வாசித்துவிட்டு வேகமாக நகர்ந்துவிடுகின்றன. நான் கேட்டவரை உஸ்மான் (ரலி) பற்றிய சொற்பொழிவுகள் எல்லாம் ஒரே தடத்தில்தான் போகும். கொடை வள்ளல், வெட்கம் மிகுந்தவர், நபியவர்களின் இரண்டு மகள்களை ஒருவர் பின் ஒருவராக மணந்ததால் துன்னூரைன் (இரு ஒளிகள் உடையவர்), குர்ஆனைத் தொகுத்தவர். அப்புறம் "கலகக்காரர்கள் கொன்றுவிட்டார்கள்" என்று ஒரே வரி. சலவாத். முடிந்தது. பன்னிரண்டு வருடம் ஆட்சி செய்த ஒருவரின் இரண்டாவது ஆறு வருடத்தை மரியாதை என்ற பெயரில் மூடி வைக்கிறோம். அவருடைய தகுதியை முழுசாக விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்த மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மக்காவின் செல்வாக்கான உமய்யா குடும்பத்தில், சுமார் 576ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தாய் அர்வா. அர்வாவின் தாய் அப்துல் முத்தலிபின் மகள். ஆக, நபியவர்களுக்கு அத்தை மகளின் மகன். துணி வியாபாரம், நல்ல வருமானம். அபூபக்ர் (ரலி) எடுத்துச் சொல்லி, ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் உமய்யா குடும்பத்திலிருந்து வருவது சாதாரண விஷயமில்லை. பிற்பாடு பல வருடம் நபியவர்களை எதிர்த்துப் படை திரட்டிய அபூ சுஃப்யான் அதே குடும்பம். சிறிய தந்தை ஹகம் அவரைக் கயிற்றால் கட்டிப்போட்டார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இழப்பதற்கு நிறைய இருந்த ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி ருகையாவோடு 615இல் அபிசீனியாவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு மதீனாவுக்கும் ஹிஜ்ரத் (புலம்பெயர்வு).

பத்ருப் போருக்கு அவர் போகவில்லை. ருகையா (ரலி) கடுமையான நோயில் படுத்திருந்தார். கூட இருந்து கவனிக்கச் சொல்லி நபியவர்களே நிறுத்திவிட்டார்கள். ருகையாவை அடக்கிவிட்டு மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் பத்ரின் வெற்றிச் செய்தியோடு ஸைத் பின் ஹாரிஸா மதீனாவுக்குள் வந்தார். பிறகு ருகையாவின் தங்கை உம்மு குல்ஸூமை நபியவர்கள் மணமுடித்துக் கொடுத்தார்கள். அவரும் ஹிஜ்ரி 9இல் காலமானார்.

அவருடைய வெட்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஹதீஸ், "வானவர்கள் வெட்கப்படும் மனிதரைப் பார்த்து நான் வெட்கப்பட வேண்டாமா?" என்பது. அதே நிகழ்ச்சிக்கு முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இன்னொரு அறிவிப்பும் இருக்கிறது. எனக்கு அதுதான் மனதுக்கு நெருக்கம். அபூபக்ரும் உமரும் வந்தபோது நபியவர்கள் படுத்திருந்தபடியே பேசி அனுப்பினார்கள். உஸ்மான் வந்ததும் எழுந்து உட்கார்ந்து உடையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆயிஷா (ரலி) காரணம் கேட்கிறார். "உஸ்மான் கூச்ச சுபாவமுள்ள மனிதர். நான் அப்படியே இருந்து அவரை உள்ளே விட்டிருந்தால், வந்த தேவையைச் சொல்லாமலே போய்விடுவார் என்று பயந்தேன்." தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஒருவர். இவர்தான் பின்னாளில் கிழக்கே குராசான் வரைக்கும் மேற்கே வட ஆப்பிரிக்கா வரைக்கும் ஆள வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கு இரண்டு உதாரணம் போதும். மதீனாவில் நல்ல தண்ணீர் கிடைத்த ரூமா கிணற்றுக்குக் காசு கொடுத்தால்தான் தண்ணீர். அதைத் தன் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார். தபூக் போருக்குக் கஷ்ட காலத்தில் படை திரட்டியபோது ஆயிரம் தீனாரைக் கொண்டு வந்து நபியவர்களின் மடியில் கொட்டினார். நபியவர்கள் அந்தக் காசைக் கையால் புரட்டியபடி, "இன்றைக்குப் பிறகு உஸ்மான் என்ன செய்தாலும் அவருக்கு அது தீங்கு செய்யாது" என்றார்கள். திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ரூமா கிணற்றுக்கு மறுபடி வருவேன்.

ஹுதைபிய்யாவில் நடந்தது அவருடைய மார்க்க அந்தஸ்துக்குப் பெரிய சான்று. ஹிஜ்ரி 6இல், உம்ராவுக்கு வந்த முஸ்லிம்களை மக்காவுக்கு வெளியே குறைஷிகள் தடுத்தபோது, தூதராக உள்ளே போனவர் உஸ்மான். "நீ வேண்டுமானால் கஅபாவைச் சுற்றித் தவாஃப் செய்துகொள்" என்றார்கள். நபியவர்கள் செய்யாமல் நான் செய்யமாட்டேன் என்றுவிட்டார். அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று வெளியே வதந்தி பரவ, மரத்தடியில் தோழர்கள் எல்லோரும் உயிர் கொடுத்துப் போராட பைஅத் (கை கொடுத்து உறுதிமொழி) செய்தார்கள். நபியவர்கள் தம் ஒரு கையை இன்னொரு கையின் மேல் வைத்து, "இது உஸ்மானுக்காக" என்றார்கள். அந்த பைஅத்தில் உஸ்மானுக்கு அமைந்த கை நபியவர்களின் கை.

சரி, ஆட்சிக்கு வருவோம். 644 நவம்பரில் உமர் (ரலி) ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகையில் குத்தப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார். அலீ, உஸ்மான், தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப். அப்துர் ரஹ்மான் போட்டியிலிருந்து விலகி மற்றவர்களின் கருத்தைக் கேட்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மூன்று இரவு அவருக்குச் சரியான தூக்கமில்லை. கடைசி இரவு மிஸ்வர் பின் மக்ரமாவின் கதவைத் தட்டி எழுப்பி, அலீயையும் உஸ்மானையும் தனித்தனியே கூட்டிவரச் சொல்லி விடிய விடியப் பேசினார். காலையில் பள்ளிவாசலில் உஸ்மானுக்கு பைஅத் செய்தார். அலீயும் செய்தார். புதிய கலீஃபாவுக்கு அப்போது எழுபதை நெருங்கிய வயது.

முதல் ஆறு வருடம் வெற்றி மேல் வெற்றி. கடைசிப் பாரசீகப் பேரரசர் மூன்றாம் யஸ்தகிர்த் 651இல் மர்வில் கொல்லப்பட்டதோடு சாசானியப் பேரரசு முடிந்தது. கடற்படைக்கு உமர் கடைசிவரை அனுமதி தரவில்லை. உஸ்மான் தந்தார், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பி வருபவர்களை மட்டும் கப்பலில் ஏற்றுங்கள் என்ற நிபந்தனையோடு. 649 வாக்கில் சைப்ரஸுக்குப் போன அந்தப் படையில் உம்மு ஹராம் (ரலி) என்ற பெண் தோழரும் இருந்தார். அங்கே வாகன மிருகத்திலிருந்து விழுந்து இறந்தார். லார்னகா ஊருக்கு வெளியே, உப்பு ஏரிக்கரையில் அவருடைய கப்ரு என்று சொல்லப்படும் இடத்தை இன்றும் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் நம் காதில் விழுகிற ஒன்றும் இவருடைய ஏற்பாடுதான். நபியவர்கள் காலத்திலும் அபூபக்ர், உமர் காலத்திலும் இமாம் மிம்பரில் (உரைமேடையில்) அமர்ந்ததும் ஒரு பாங்கு (தொழுகை அழைப்பு). மதீனாவில் ஜனத்தொகை பெருகியதும், கடைத்தெருவில் ஸவ்ரா என்ற இடத்தில் முன்கூட்டியே ஒரு பாங்கு சொல்ல ஏற்பாடு செய்தார் உஸ்மான். கடையை எடுத்துவைத்துவிட்டு வர அவகாசம் வேண்டுமே. நம்மூர்ப் பள்ளிவாசல்கள் பெரும்பாலானவற்றில் ஜும்ஆவுக்கு இரண்டு பாங்கு கேட்பது இதனால்தான். நபிவழியில் இருந்தது ஒன்றுதான் என்று ஒரே பாங்கோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகளும் இங்கே உண்டு. ஒரு கலீஃபாவின் முடிவு மார்க்கத்தில் எவ்வளவு தூரம் ஆதாரமாகும் என்ற பெரிய கேள்வி, வாரா வாரம் நம் தெருவிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் அவருடைய ஆயுளில் செய்த மிகப்பெரிய வேலை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், முஸ்ஹஃப், அதாவது எழுத்தில் உள்ள குர்ஆன் பிரதி. ஆர்மீனியா, அஜர்பைஜான் போர்முனையில் சிரியாக்காரர்களும் ஈராக்காரர்களும் ஒரே படையில் இருந்தார்கள். இவர்கள் ஓதுவது அவர்களுக்குத் தப்பாகப் பட்டது, அவர்கள் ஓதுவது இவர்களுக்கு. இதைப் பார்த்துப் பதறி மதீனாவுக்கு, உஸ்மானிடம் வந்தார் நபித்தோழர் ஹுதைஃபா (ரலி). "யூதர்களும் கிறிஸ்தவர்களும் வேதத்தில் பிரிந்ததுபோல இந்தச் சமுதாயம் பிரிவதற்கு முன்னால் ஏதாவது செய்யுங்கள்" என்றார். அபூபக்ர் காலத்தில் ஸைத் பின் ஸாபித் திரட்டிய ஏடுகள் உமரின் மகள் ஹஃப்ஸாவிடம் (ரலி) பத்திரமாக இருந்தன. உஸ்மான் அவற்றைக் கேட்டு வாங்கினார். ஸைதையும் குறைஷிகள் மூவரையும் நியமித்தார். "எழுதும்போது உங்களுக்குள் கருத்து மாறினால் குறைஷி மொழியில் எழுதுங்கள், குர்ஆன் அவர்கள் மொழியில்தான் இறங்கியது" என்றார். படியெடுத்து முடிந்ததும் ஹஃப்ஸாவின் ஏடுகளைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதி போனது. மற்ற ஏடுகளையெல்லாம் எரிக்கச் சொன்னார்.

அந்த "எரிக்கச் சொன்னார்" எவ்வளவு கனமான வேலை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏடுகள் பெரிய தோழர்கள் தம் கைப்பட எழுதி வைத்திருந்தவை. கூஃபாவில் இப்னு மஸ்ஊத் (ரலி) வெளிப்படையாக எதிர்த்தார். "நபியவர்களின் வாயிலிருந்து நேரடியாக எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களைக் கற்றவன் நான், அப்போது ஸைத் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்" என்ற அர்த்தத்தில் பேசினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. உஸ்மான் பின்வாங்கவில்லை. பிற்பாடு இதை வைத்து அவரைத் திட்டியவர்களிடம், "அதைப் பற்றி நல்லதைத் தவிர வேறு பேசாதீர்கள். எங்கள் முன்னிலையில் கலந்துதான் செய்தார்" என்று சொன்னவர் அலீ (ரலி). இன்றைக்கு மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் முஸ்ஹஃபில் எழுத்துமுறைக்கு ரஸ்முல் உஸ்மானீ என்றே பெயர். அவரைக் கலீஃபாவாக ஏற்காத ஷியாக்களும் ஓதுவது இதே குர்ஆனைத்தான். அரசியலில் அவரைக் கைவிட்ட உம்மத் (முஸ்லிம் சமுதாயம்), வேதத்தில் அவர் முடிவின் மேல் ஒன்று சேர்ந்து நிற்கிறது.

இனி அந்த இரண்டாவது ஆறு வருடம்.

நபியவர்கள் கையில் அணிந்திருந்த வெள்ளி மோதிரம் ஒன்று உண்டு. "முஹம்மது ரசூலுல்லாஹ்" என்று மூன்று வரியில் பொறித்தது. அரசர்களுக்கு எழுதும் கடிதங்களுக்கு அதுதான் முத்திரை. அவர்களுக்குப் பின் அபூபக்ர் கையில், உமர் கையில், பிறகு உஸ்மான் கையில். ஹிஜ்ரி 30 வாக்கில் ஒருநாள் உஸ்மான் அரீஸ் கிணற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டது. மூன்று நாள் அவரோடு போய்த் தேடினோம், கிணற்றுத் தண்ணீரை முழுக்க இறைத்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்கிறார் அனஸ் (ரலி). ஆம், அதே கிணறு. நற்செய்தியும் சோதனையும் சேர்த்துச் சொல்லப்பட்ட இடம். அதற்குப் பிறகுதான் காரியங்கள் கெடத் தொடங்கின என்று எழுதிய பழைய அறிஞர்கள் உண்டு.

மக்களின் குறைகள் என்ன? ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். முக்கியமான ஆளுநர் பதவிகள் சொந்தக்காரர்களுக்குப் போயின. சிரியாவில் முஆவியா உமர் காலத்திலேயே இருந்தவர். அவருடைய எல்லை விரிந்தது. எகிப்தை வென்ற அம்ர் பின் ஆஸை நீக்கிவிட்டுப் பால்குடிச் சகோதரர் அப்துல்லாஹ் பின் ஸஅதை வைத்தார். பஸ்ராவில் தாய்மாமன் மகன் அப்துல்லாஹ் பின் ஆமிர். கூஃபாவில் தாய் வழிச் சகோதரர் வலீத் பின் உக்பா, அவருக்குப் பின் ஸயீத் பின் ஆஸ். எழுத்தர் பொறுப்பில், பக்கத்திலேயே, சிறிய தந்தை மகன் மர்வான். சொந்தங்களுக்குப் பணம் கொடுக்கிறார் என்ற குறையும் இருந்தது. அது என் சொந்தப் பணம் என்றார் அவர். கேட்டவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. அபூ தர் (ரலி), செல்வத்தைச் சேர்த்து வைப்பவர்களை வசனம் சொல்லிக் கண்டித்ததில் முஆவியாவோடு முட்டிக்கொண்டு மதீனாவுக்கு வந்து, கடைசியில் ரபதா பாலைவெளியில் போய்த் தங்கி அங்கேயே இறந்தார். உஸ்மான் யோசனைதான் சொன்னார், அவர் தாமாகப் போனார் என்று புகாரி அறிவிப்பில் அபூ தர்ரின் வாயாலேயே வருகிறது. நாடு கடத்தினார் என்று சொல்பவர்களும் உண்டு.

வலீத் விஷயத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அவர் குடித்துவிட்டு ஃபஜ்ர் தொழவைத்து, "இன்னும் கூட்டித் தொழவைக்கட்டுமா?" என்று கேட்டார் என்று குற்றச்சாட்டு. சாட்சிகள் மதீனாவுக்கு வந்தார்கள். உஸ்மான் விசாரித்து, கூடப்பிறந்தவர் என்று பார்க்காமல், தண்டனையை நிறைவேற்ற அலீயிடம் ஒப்படைத்தார். அலீ சொல்லி அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் கசையடி கொடுக்க, அலீ எண்ணினார், நாற்பது. பதவியும் போனது. சொந்தக்காரரை அந்தப் பதவியில் வைத்ததும் அவர்தான், சாட்சி வந்ததும் அடிக்கச் சொன்னதும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் அப்துல்லாஹ் பின் ஸபா என்ற ஒரே ஆள் தலையில் போட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். யமன் நாட்டு யூதன், முஸ்லிமாக நடித்தான், ஊர் ஊராகப் போய்க் கலகம் மூட்டினான் என்பார்கள். தபரியின் வரலாற்றில் இந்தக் கதை பெரும்பாலும் சைஃப் பின் உமர் என்ற அறிவிப்பாளர் வழியாக வருகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அவரைப் பலவீனமானவர் என்றிருக்கிறார்கள். எகிப்து, கூஃபா, பஸ்ரா என மூன்று பெரிய ஊர்களின் மனக்குறையை ஒரு மனிதனின் சூழ்ச்சி என்று சுருக்குவது எனக்கு ஏற்புடையதில்லை. வயது எண்பதைத் தொட்ட, மென்மையான, சொந்தபந்தத்தின் மேல் பாசம் வைத்த ஒரு தலைவர். பத்துப் பதினைந்து வருடத்தில் பல மடங்கு விரிந்துவிட்ட ஒரு நாடு. முதலில் வந்த போராளிகளுக்கும் பின்னால் வந்த உமய்யாக்களுக்கும் இடையே நிலம், வருமானம் பற்றிய சண்டை. இவ்வளவும் சேர்ந்துதான் அது வெடித்தது. நியமனங்களில் அவர் எடுத்த முடிவுகள் சில தவறிப்போயின என்று சொல்வதால் அவருடைய அந்தஸ்து குறையப்போவதில்லை. தவறே செய்யாதவர் என்ற தகுதியை நாம் நபிமார்களுக்குத்தான் கொடுக்கிறோம்.

ஹிஜ்ரி 35இல் எகிப்திலிருந்து ஒரு கூட்டம் மதீனாவுக்கு வெளியே வந்து இறங்கியது. உஸ்மான் பேசினார், குறைகளைக் கேட்டார், சரிசெய்வதாக வாக்குக் கொடுத்தார். திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். வழியில் ஒரு தூதனைப் பிடித்தார்கள். அவனிடம் எகிப்து ஆளுநருக்கு ஒரு கடிதம். இவர்கள் வந்ததும் தண்டியுங்கள் என்று. கலீஃபாவின் முத்திரையோடு. கொதித்துப்போய்த் திரும்பி வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை, எழுதச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார். சந்தேகம் மர்வான் மேல் விழுந்தது. மர்வானைக் கொடு என்றார்கள். கொலைகாரக் கூட்டத்திடம் ஆளைக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். பதவி விலகு என்றார்கள். "அல்லாஹ் எனக்கு அணிவித்த சட்டையை நான் கழற்றமாட்டேன்" என்றார். நபியவர்கள் அவருக்குச் சொல்லி வைத்திருந்த அறிவுரை அது.

முற்றுகை சுமார் நாற்பது நாள் நீடித்தது என்பார்கள். போகப் போகத் தண்ணீரையும் தடுத்தார்கள். ஒருநாள் அவர் மேலே நின்று வெளியே இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்: "ரூமா கிணற்றை வாங்கிப் பொதுவாக்குபவருக்குச் சொர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நபியவர்கள் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே? என் சொந்தப் பணத்தில் அதை வாங்கினேன்தானே? இன்று அதிலிருந்து நான் குடிக்க விடாமல் தடுக்கிறீர்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்." ஆமாம், தெரியும் என்று பதில் சொன்னார்கள். வழி மட்டும் விடவில்லை. ரூமா கிணற்றின் கதையைக் கொடைக்கு உதாரணமாக மட்டும் சொல்லி முடிக்கும்போது, அதன் பாதிதான் நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது.

அவருக்காக வாளேந்த ஆளில்லாமல் இல்லை. ஹஸன் பின் அலீ, அப்துல்லாஹ் பின் ஸுபைர், இப்னு உமர், அபூ ஹுரைரா எல்லோரும் ஆயுதத்தோடு வந்தார்கள். ஸைத் பின் ஸாபித் வந்து, "மதீனாவின் அன்சாரிகள் (உதவியாளர்கள்) வாசலில் நிற்கிறார்கள். நீங்கள் சொன்னால் இரண்டாவது முறையும் அல்லாஹ்வின் உதவியாளர்களாவோம்" என்றார். "சண்டை வேண்டாம்" என்றார் உஸ்மான். அபூ ஹுரைரா, இப்போது வாளெடுப்பதுதான் சரி என்று வாதாடினார். "என்னையும் சேர்த்து எல்லா மக்களையும் கொன்றுவிடுவது உமக்குச் சந்தோஷமா?" என்று உஸ்மான் கேட்டார். இல்லை என்றார் அபூ ஹுரைரா. "ஒருவரைக் கொன்றால் எல்லோரையும் கொன்றது மாதிரிதான்." அபூ ஹுரைரா திரும்பிப் போனார். மக்காவுக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் சிரியாவுக்குப் போங்கள், முஆவியாவின் படை இருக்கிறது என்று முகீரா (ரலி) வழி சொன்னார். இந்த உம்மத்தின் இரத்தத்தைச் சிந்தும் முதல் கலீஃபாவாக நான் இருக்கமாட்டேன், நபியவர்களின் அண்டையையும் ஹிஜ்ரத் செய்து வந்த ஊரையும் விட்டுப் போகமாட்டேன் என்றார்.

என்னை மிகவும் உலுக்கியது இதைவிடச் சின்ன ஒரு உரையாடல். முற்றுகையின்போது மஸ்ஜிதுன் நபவியில் தொழவைத்தது கலகக்காரர்களின் ஆள். உபைதுல்லாஹ் பின் அதீ என்பவர் உஸ்மானிடம் வந்து கேட்கிறார்: "மக்களுக்கு இமாம் நீங்கள். உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். குழப்பக்காரர்களின் இமாம் எங்களுக்குத் தொழவைக்கிறார். பின்னால் நின்று தொழப் பாவமாகத் தோன்றுகிறதே." வாசலில் தன்னைக் கொல்ல நிற்பவர்களைப் பற்றி உஸ்மான் சொன்ன பதில் புகாரியில் இருக்கிறது. "மக்கள் செய்யும் காரியங்களில் சிறந்தது தொழுகை. அவர்கள் நல்லது செய்தால் நீயும் சேர்ந்து நல்லது செய். கெட்டது செய்தால் அவர்களுடைய கெட்டதை மட்டும் தவிர்த்துக்கொள்." இமாம் மேல் கோபம் வந்தால் ஜமாஅத்தை இரண்டாக உடைத்து அடுத்த தெருவில் வேறு பள்ளி கட்டிக்கொள்கிற நமக்கு, இந்தப் பதிலை யாரும் ஏன் சத்தமாகச் சொல்வதில்லை?

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, துல்ஹஜ் பிறை 18. கி.பி. 656 ஜூன் 17. நோன்பு வைத்திருந்தார். நபியவர்களைக் கனவில் கண்டதாகவும், "எங்களோடு வந்து நோன்பு திற" என்று சொன்னதாகவும் வீட்டாரிடம் சொன்னார். முஸ்ஹஃபை விரித்து வைத்து ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வழியாகச் சிலர் உள்ளே ஏறி வந்தார்கள். அபூபக்ரின் மகன் முஹம்மது அவருடைய தாடியைப் பிடித்தார். "உன் தந்தை இருந்தால் இதைப் பிடித்திருக்கமாட்டார், தம்பி மகனே" என்றார் உஸ்மான். அவர் கை தளர்ந்து வெளியே போய்விட்டார் என்கிறது அறிவிப்பு. மற்றவர்கள் போகவில்லை. மனைவி நாயிலா குறுக்கே விழுந்து வாளைத் தடுத்ததில் விரல்கள் துண்டாயின. விரித்திருந்த ஏட்டில், "அவர்களிடமிருந்து உம்மைக் காக்க அல்லாஹ் போதுமானவன்" என்ற அல்பகரா 137ஆம் வசனத்தின் மேல் இரத்தம் தெறித்தது என்று பல அறிவிப்புகள் சொல்கின்றன. இரவில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் சுமந்துபோய், பகீஉவை ஒட்டிய ஹஷ்ஷு கவ்கப் என்ற தோட்டத்தில் அடக்கினார்கள். பின்னாளில் அந்த இடம் பகீஉவோடு சேர்ந்தது.

இரத்தம் படிந்த அவருடைய சட்டையும் நாயிலாவின் விரல்களும் டமாஸ்கஸுக்குப் போய் மிம்பரில் தொங்கின. அதே வருடம் ஜமல் போர், அடுத்த வருடம் ஸிஃப்பீன். யாருடைய இரத்தமும் சிந்தக் கூடாது என்று சொல்லிச் செத்தவரின் பெயரால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அவருடைய மார்க்க அந்தஸ்து பற்றிய வாதங்கள் அப்போதே தொடங்கிவிட்டன. அஹ்லுஸ் ஸுன்னாவுக்கு (ஸுன்னீ முஸ்லிம்களுக்கு) அவர் நேர்வழி கலீஃபாக்களில் மூன்றாமவர். சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். தகுதி வரிசையிலும் மூன்றாமிடம் என்பது பிறகு பொதுக் கருத்தாக நிலைத்தது. கூஃபாவின் ஸுன்னீ அறிஞர்களில் சிலர் ஒருகாலத்தில் அலீயை அவருக்கு முன்னே வைத்தார்கள். அதற்காக அவர்களைப் பெரும்பாலான அறிஞர்கள் வழிகேடர்கள் என்று சொல்லவில்லை. ஷியாக்கள் அவருடைய கிலாஃபத்தை ஏற்பதில்லை. அவர் கொல்லப்பட்ட அதே துல்ஹஜ் 18தான் அவர்களுக்கு கதீர் நாள், நபியவர்கள் அலீயைத் தம் வாரிசாக அறிவித்ததாக அவர்கள் கொண்டாடும் நாள். ஓமானில் அதிகம் வாழும் இபாளீ பிரிவினர் முதல் ஆறு வருடத்தை ஏற்று, மீதியை மறுக்கிறார்கள். உஸ்மான், அலீ இருவர் விஷயத்திலும் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம் என்று ஒதுங்கியவர்களிடமிருந்துதான் முர்ஜிஆ என்ற கருத்தோட்டமே பிறந்தது. ஈமான் (இறைநம்பிக்கை) என்றால் என்ன, பெரும்பாவம் செய்தவர் முஸ்லிமா, தவறு செய்யும் ஆட்சியாளரை எதிர்க்கலாமா என்று பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த விவாதங்களின் வேர் அந்த ஒரு வீட்டு வாசலில் இருக்கிறது.

எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவன், உமரின் மகனான இப்னு உமரிடம் உஸ்மானைப் பற்றி மூன்று கேள்வி கேட்டான். உஹதுப் போரில் ஓடினாரா? ஆம். பத்ருக்கு வரவில்லையா? ஆம். ஹுதைபிய்யா பைஅத்தில் இல்லையா? ஆம். அவன் ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் "அல்லாஹு அக்பர்" என்றான். இப்னு உமர் ஒன்றையும் மறுக்கவில்லை. நிறுத்தி விளக்கம் சொன்னார். உஹதில் பின்வாங்கியவர்களை மன்னித்ததாக அல்லாஹ்வே குர்ஆனில் சொல்லிவிட்டான். பத்ரில் நபியவர்களின் மகள் நோயில் கிடந்தார். கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்று நபியவர்களே சொன்னார்கள். ஹுதைபிய்யாவில் நபியவர்களின் கையே அவருடைய கை. "இப்போது இதையும் உன்னோடு எடுத்துக்கொண்டு போ" என்றார்.

நபித்தோழர்களுக்கிடையே நடந்தவற்றில் நாவைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று நம் உலமாக்கள் கற்றுத் தந்தார்கள். அதை நான் மதிக்கிறேன். யாரையும் திட்டுவதற்கு எனக்கு ஆசையில்லை. ஆனால் இப்னு உமர் செய்ததைப் பாருங்கள். உண்மையை உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விளக்கம் சொன்னார். இன்றைக்கு நம் வீட்டு இளைஞர்கள் யூடியூபில் யாரோ ஒருவர் கோபமாகப் பேசும் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, "உஸ்மான் சொந்தக்காரர்களுக்குத்தானே பதவி கொடுத்தார்?" என்று கேட்கிறார்கள். வாயை மூடு என்றால் கேள்வி போய்விடாது. அவர்கள் அதை வேறு இடத்தில் கேட்பார்கள்.

அதனால் ஹஸ்ரத்மார்களிடம் (பள்ளிவாசல் ஆலிம்களிடம்) ஒரு வேண்டுகோள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் துல்ஹஜ் 18 வருகிறது. அதை ஒட்டி வரும் ஜும்ஆவில் அந்த முற்றுகை நாட்களை முழுசாகச் சொல்லுங்கள். ஆளுநர்களைச் சொல்லுங்கள், கடிதத்தைச் சொல்லுங்கள், உப்புத் தண்ணீரைச் சொல்லுங்கள். நேரம் போதாது என்றால், உபைதுல்லாஹ்வுக்கு அவர் சொன்ன பதிலை மட்டுமாவது சொல்லுங்கள்.